வேர் பார்த்த தியாகலிங்கம்

தியாகலிங்கத்தின் வாயில் நாலைந்து உடுப்புக் கிளிப்புகள் இருந்தன. கைகள் இரண்டும் பறவை வலையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. வலையின் நுனியைத் திராட்சைப் பந்தலின் மூலைக் கம்பிக்கு இழுத்து, மடித்து, வாயிலிருந்து ஒரு கிளிப்பை எடுத்துக் குத்தினார். அடுத்த மடிப்புக்கு ஓரடி தள்ளிப் போக வேண்டும். அதற்காக இறங்குவது வீண் வேலை என்று நினைத்தாரோ என்னவோ, நின்றபடியே இடுப்பை ஒரு வெட்டு வெட்டி, தான் ஏறி நின்ற வெள்ளைப் பிளாஸ்டிக் கதிரையைப் புல்லின் மேல் துள்ளவைத்தார். வயது எழுபத்தொன்பது.

வேலிக்கதவைத் திறந்துகொண்டு வந்த நான் சத்தம் போடாமல் போய்க் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். உயரத்தில் நிற்கும் முதியவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். முதியோரைப் பார்க்கும் ரெஸ்ட் ஹோம் வேலைக்குப் படித்தபோது முதல் வாரத்திலேயே இதைச் சொல்லித் தந்தார்கள்.

"ஆரது?" என்றார், கிளிப்புகளுக்கு இடையால்.

"சரோஜா. இறங்குங்கோ அண்ணை."

"இன்னும் ரெண்டு மடிப்புத்தான்."

"இறங்கினாப் பிறகு கதைப்பம்."

இறங்கினார். வலையின் மற்றப் பாதி பந்தலின் மேல் பிடிப்பில்லாமல் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அதன் மேலே ஒரு மைனா வந்து உட்கார்ந்து, ஒரு பழத்தைக் கொத்திப் பார்த்துவிட்டு வேண்டாமென்று பறந்தது.

தியாகலிங்கம் யாழ்ப்பாணம் பஸ் டிப்போவில் ரைம் கீப்பராக இருந்தவர். பஸ் சாரதிகளைப் பார்த்து, நீ பிந்திவிட்டாய் என்று சொல்வதே அவருடைய உத்தியோகம். ஒக்லண்டுக்கு வந்த பிறகு ஒடாஹுஹுவில் ஒரு பாண் பேக்டரியில் வேலை கிடைத்தது. அங்கே அவருக்கு நேரம் சொன்னது பாண் சுடும் போறணை அடுப்பின் மணி. அந்த மணியை அவர் இன்றுவரை மன்னிக்கவில்லை. மனைவி காலமான பிறகு கிளென் ஈடனில், ரயில் பாதைக்குக் கிட்ட, சின்ன யூனிற் ஒன்றில் தனியே இருக்கிறார். காலை ரயில்கள் பிந்தினால் பக்கத்து வீடுகளுக்கு அறிவிப்பார்.

திராட்சைக் கொடி அவர் நட்டதல்ல. வீட்டை முன்பு வைத்திருந்தவர்களுடையது. எங்கள் ஆட்கள் முந்திரிகை என்று சொல்லும் அந்தக் கொடியைப் பற்றித் தனக்கு எல்லாம் தெரியும் என்பார். ஊரில், உரும்பிராயில், அவர் முந்திரிகைத் தோட்டம் வைத்திருந்தாரா என்று ஒரு தடவை நேரே கேட்டேன். தோட்டம் வைத்திருந்த வீட்டுக்கு அடுத்த வீடு என்றார்.

நான் அன்று போனது கொடி பார்க்க அல்ல. அவருடைய மகள் வித்தியா அனுப்பியிருந்தாள்.

நடந்தது இதுதான். சில கிழமைகளுக்கு முன்பு தியாகு அண்ணை அந்தப் பந்தலின் கீழே விழுந்தார். பக்கத்து வீட்டுப் பழனிசாமி, ஈரோட்டுக்காரர், வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்திருக்கிறார்.

"என்னங்க சார், கீழே படுத்திருக்கீங்க?"

"வேர் பாக்கிறன்."

பழனிசாமி மரியாதையான மனிதர். ஒருவர் தன் சொந்தக் கொடியின் வேரைப் பார்ப்பதில் நாம் தலையிடக் கூடாது என்று உள்ளே போய்விட்டார். பிறகு வித்தியாவிடம் அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "டீ போட்டுக் குடிச்சேன்மா. துணி காயப்போட்டேன். திரும்ப வந்து பாத்தா, சார் இன்னும் வேரைத்தான் பாத்துட்டிருந்தாரு. வேரு அவ்ளோ நேரம் பாக்குற பொருளில்லையேன்னு அப்பத்தான் எனக்குத் தோணுச்சு."

வித்தியா தான் இருக்கும் பிளாட் புஷ்ஷிலிருந்து வந்து இறங்கினாள். மருந்தகத்தில் வேலை செய்கிறவள். விழுந்த முதியவர்கள் வாங்கும் மருந்துகளை நாள் முழுக்கப் பொட்டலம் கட்டுகிறவள். தகப்பனின் முழங்கைகளில் தோல் உரிந்திருந்ததைப் பார்த்து அழுதுவிட்டாள். அழுது முடித்ததும் தீர்மானித்தாள்: அப்பா இனி எங்களோடு. கீழ்த்தளத்தில் அறை தயார், ஹீற் பம்ப் பூட்டியிருக்கிறது, படி ஏற வேண்டியதில்லை.

"அங்கை பகல் முழுக்கத் தெருவிலை மனிசர் இல்லைப் பிள்ளை," என்றார் தியாகு அண்ணை. "குப்பை வாளியள்தான் வரிசையிலை நிக்கும். அதுகளோடை நான் என்னத்தைக் கதைக்கிறது?"

"இஞ்சை விழுந்தா ஆர் தூக்குறது?"

"நானே எழும்புவன்."

"எழும்பேல்லையே அப்பா."

"எழும்புறதுக்கு முதல் பழனிசாமி தூக்கிப் போட்டார். அவசரக்காரர்."

அவசரத்தில் அமர்த்தினால் உதவிக்கு ஆள் வரும் பொத்தான் ஒன்றை, கழுத்தில் மாட்டும் மாலையாக, வித்தியா வாங்கிக் கொடுத்திருந்தாள். அவர் அதைக் குசினியில் முருகன் கலண்டர் ஆணியில் தொங்கவிட்டிருந்தார். முருகனுக்கு ஏதும் அவசரம் வந்தால் அவர் அமர்த்தட்டும் என்றார்.

இழுபறி நீண்டபோதுதான் இருவரும் என்னிடம் வந்தார்கள். நான் யாருக்கும் பக்கமில்லை என்பது இருவருக்கும் தெரியும். காலம் கடந்தும் தனியே இருந்து நிலத்தில் கிடந்தவர்களையும் நான் தூக்கியிருக்கிறேன். காலத்துக்கு முந்திக் கொண்டுபோய் விடப்பட்டு, ஜன்னலடியில் இருந்து இளைத்துப் போனவர்களுக்கும் சோறு ஊட்டியிருக்கிறேன். இரண்டும் ஒன்றுக்கொன்று குறைந்ததல்ல. ஆகவே நான் கேட்டது ஒரே கேள்வி. நிலத்திலிருந்து, யாரும் தொடாமல், தானாக எழும்ப முடியுமா? முடிந்தால் தனியே இருக்கலாம். முடியாவிட்டால் பிளாட் புஷ். இருவரும் சம்மதித்தார்கள். என் சொல்லே முடிவு என்றும் ஒப்புக்கொண்டார்கள்.

சம்மதித்தது சுலபம். சோதனைக்கு ஆளைப் பிடிப்பதுதான் பாடாயிருந்தது. வெள்ளிக்கிழமை நிலத்தில் படுக்கக் கூடாதாம். இன்னொரு நாள் ராகுகாலம். இன்னொரு நாள் புல் ஈரம். "நான் என்ன லைசென்சுக்கு வந்தவனே?" என்று ஒரு நாள் சீறினார். அதனால்தான் அன்று நேரில் போய், கதிரையிலிருந்து இறக்கி, நாள் குறித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை. வித்தியாவும் வருவாள்.

"சனிக்கிழமை பேர்ணடெட்டின்ரை பஸ் ரூர் எல்லோ," என்றார். "களைச்சுப் போடுவன்."

"களைச்சு எழும்பினாத்தான் உண்மையான எழும்பல்."

பேர்ணடெட் மன்னார்க்காரி. எங்கள் மூத்தோர் சங்கத்துக்குச் சுற்றுலா ஒழுங்கு செய்வது அவள்தான். வருடா வருடம் தாவரவியல் பூங்காவுக்குப் போய் அதே ரோஜாக்களைப் பார்த்துச் சலித்துப் போனதால், இம்முறை குமியூப் பக்கம் வைன் தோட்டங்கள் என்று அறிவித்தாள். சைவக்காரர் கொஞ்சப் பேர் முணுமுணுத்தார்கள். கள்ளுத் தவறணைக்குப் பஸ் பிடித்துப் போகிற காலம் வந்துவிட்டதா என்றார் ஒருவர்.

"தோட்டம் பாக்கப் போறம்," என்றாள் பேர்ணடெட். "தோட்டத்துக்குள்ளை கடை இருந்தா அது எங்கடை பிழையே?"

முணுமுணுத்தவர்கள்தான் பஸ்ஸில் முன் இருக்கைகளைப் பிடித்தார்கள். பழனிசாமி சங்கத்தில் உறுப்பினர் இல்லை என்றாலும் எல்லாச் சுற்றுலாவுக்கும் வருவார். அவர் கொண்டுவரும் தக்காளிச் சாதத்துக்காக யாரும் அதைக் கேட்பதில்லை.

முதல் வைனரியில் ஓர் இளம் பெண் நீண்ட மேசைக்குப் பின்னால் நின்று வகுப்பு எடுத்தாள். கிளாஸைச் சுழற்ற வேண்டும், மூக்கை உள்ளே விட்டு மணக்க வேண்டும், ஒரு மிடறு எடுத்து வாய்க்குள் உருட்ட வேண்டும், வேண்டுமானால் இந்த வெள்ளி வாளியில் துப்பலாம். ரெஸ்ட் ஹோமில் பல் விளக்கிவிட்டு, துப்புங்கோ, துப்புங்கோ என்று நான் எத்தனை காலைகள் கெஞ்சியிருப்பேன். இங்கே முன்பின் தெரியாதவர்கள் தாங்களாகவே வந்து அழகாகத் துப்பினார்கள். அந்த வாளியைக் கழுவுகிறவள் யார் என்று நான் சுற்றிப் பார்த்தேன்.

எங்கள் ஆட்கள் பாதிப் பேர், ருசி பார்க்க முழுக் கிளாஸ் எதற்கு என்று, இரண்டு பேருக்கு ஒரு கிளாஸ் எடுத்திருந்தார்கள். தியாகு அண்ணையும் பழனிசாமியும் ஒரு சோடி. பொதுக் கிளாஸில் வாய் வைக்க முடியுமா? இருவரும் மாறி மாறி அண்ணாந்து, ஒரு சாண் உயரத்திலிருந்து வாய்க்குள் ஊற்றினார்கள். பழக்கமான கை, ஒரு சொட்டு வெளியே போகவில்லை. அந்தப் பெண் பார்த்துக்கொண்டே நின்றாள். இதற்கு முன் அவள் அப்படிப் பார்த்திருக்க மாட்டாள். பிறகு, என்ன சுவை தெரிகிறது, எலுமிச்சையா, பாஷன் பழமா என்று தியாகு அண்ணையைக் கேட்டாள். நான் மொழிபெயர்த்தேன்.

"நேரே தொண்டைக்குள்ளை போயிட்டுது," என்றார். "அங்கை நாக்கு இல்லை எண்டு சொல்லும்."

அடுத்த தோட்டத்துக்குப் போகும்போது பஸ்ஸில் கதை கொஞ்சம் கூடியிருந்தது. முணுமுணுத்தவர்களில் ஒருவர் பேர்ணடெட்டின் தலைமையைப் புகழ்ந்து எழுந்து பேசினார். சாரதி அவரை உட்காரச் சொன்னார்.

இரண்டாவது தோட்டத்தின் சொந்தக்காரன் மார்க்கோ. நெடிய ஆள், நாற்பது வயது இருக்கும். அவனுடைய பூட்டன் குரோஷியாவிலிருந்து வந்து இங்கே முதல் கொடியை நட்டாராம். பஸ்ஸடியிலேயே எங்களை நிறுத்தி, கை கழுவும் இடம், பள்ளமான இடம் என்று வரிசையாகச் சொன்னான். பேர்ணடெட் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். இடையில் அவனுடைய உதவியாள் ஒரு தட்டில் கிளாஸ்கள் கொண்டுவந்தாள். பேர்ணடெட் ஒன்றை எடுத்தாள். மார்க்கோ ஏதோ நீளமாகச் சொன்னான். நாங்கள் பேர்ணடெட்டைப் பார்த்தோம். அவள் மிடறை விழுங்கிவிட்டு, "குருவியளுக்கு ஏதோ செய்வினமாம்," என்றாள். நாங்கள் தலையாட்டினோம். குருவிகளுக்குச் செய்வதை யார் வேண்டாமென்றார்கள்.

கொடி வரிசைகளுக்கு நடுவே புல்லில் நடந்தோம். பழம் முற்றிக் கறுத்துத் தொங்கியது. நிலத்தில் காய்ந்த குலைகள் நிறையக் கிடந்தன. அதைக் கண்டதும் தியாகு அண்ணை நின்றுவிட்டார்.

"ஆர் இதை வெட்டிப் போட்டது?"

தாங்கள்தான் என்றான் மார்க்கோ. காயாக இருக்கும்போதே பாதிக் குலைகளை வெட்டி விழுத்தினால்தான் மிச்சத்தில் சுவை சேரும்.

"அறிவில்லாத வேலை. உரும்பிராயிலை ஒரு குலையைக் குருவி தொட்டாலே வீட்டுக்காரன் ரெண்டு நாள் சாப்பிடமாட்டான்."

"நீங்கள் அடுத்த வீடு," என்றேன்.

"அடுத்த வீட்டுக்குக் கேக்கிற அளவுக்குக் கத்துவான். இவரைக் கேளும், ஆட்டெரு போடுறவரோ எண்டு."

கேட்டேன். மார்க்கோ சிரித்துவிட்டு, எரு கூடினால் கொடி சோம்பேறியாகிவிடும் என்றான். இது குளிர் பிரதேசம். இங்கே பழம் மெதுவாகத்தான் பழுக்கும், அதனால் புளிப்பு நிற்கும். குளிர் பிரதேசத்து வைனுக்கு அந்தப் புளிப்புத்தான் அழகு, வெப்ப நாட்டுக்காரர் அதற்கு ஏங்குவார்கள் என்றான். தியாகு அண்ணை இதை இரண்டு தரம் மொழிபெயர்க்கச் சொன்னார். அதை நான் அப்போது கவனித்திருக்க வேண்டும்.

அப்போதுதான் வெடித்தது.

சத்தம் முதலில் வந்ததா, நான் முதலில் படுத்தேனா என்று எனக்குத் தெரியாது. முகத்துக்குப் பக்கத்தில் புல்லும் ஒரு காய்ந்த குலையும் இருந்தன. தலையை மெதுவாகத் திருப்பினேன். வரிசை முழுவதும் எங்கள் ஆட்கள் குப்புறக் கிடந்தார்கள். நெஞ்சு நிலத்தில் முட்டாதபடி முழங்கைகளை ஊன்றி, காதுகளைப் பொத்தி, வாயைத் திறந்துகொண்டு, எல்லாரும் ஒரே மாதிரி. முழங்கால் மாற்றிய அம்மா, இடுப்புக்குப் பட்டி கட்டியவர், பஸ் படியில் இறங்கக் கை கேட்டவர், எல்லாரும்தான். ஒருவரும் தடுமாறவில்லை, ஒருவர் மேல் ஒருவர் விழவில்லை. பேர்ணடெட் மட்டும் ஒற்றைக் காதைத்தான் பொத்தியிருந்தாள். மற்றக் கையில் கிளாஸ் நிமிர்ந்து நின்றது.

நின்றவர்கள் இரண்டு பேர். கையில் போத்தலோடு மார்க்கோ. கையில் போனோடு பழனிசாமி.

பழனிசாமி எங்களை மேலும் கீழும் பார்த்தார். "என்னங்க, ஏதாச்சும் தொலைஞ்சு போச்சா?"

கொடிக்குக் கீழேயிருந்து தியாகு அண்ணையின் குரல் வந்தது.

"வேர் பாக்கிறம்."

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு வரிசை வழியே பரவியது. இடுப்புப் பட்டிக்காரர் தலையைத் தூக்கினார். உடனே இரண்டாவது வெடி. தலை திரும்பப் போனது. பழத்தில் குருவி இறங்காமலிருக்க வைக்கும் வாயுத் துப்பாக்கி அது, இரண்டிரண்டாகத்தான் வெடிக்குமாம். மார்க்கோ பஸ்ஸடியில் நீளமாகச் சொன்னது அதைத்தான்.

"குருவியளுக்கு ஏதோ செய்வினம் எண்டு நான் சொன்னனான்தானே," என்றாள் பேர்ணடெட் புல்லில் கிடந்தபடி.

மார்க்கோவின் முகம் வெளுத்திருந்தது. துப்பாக்கியை நிறுத்தச் சொல்லிக் கத்தினான். அம்புலன்ஸ் கூப்பிடட்டுமா என்று என்னைக் கேட்டான். இவர்கள் எந்த நாட்டுக்காரர் என்று கேட்டான், சொன்னேன். போத்தலை நிலத்தில் வைத்துவிட்டுப் பேர்ணடெட்டைக் கமக்கட்டில் பிடித்துத் தூக்கப் போனான்.

"தொடாதே," என்றேன். "தோள்மூட்டு கழன்றுவிடும். அம்புலன்ஸ் வேண்டாம். கதிரை கொண்டுவா. மடங்காத கதிரை, பாரமானது."

கீழே போக ஒரு நொடி பிடித்தது. மேலே வரத்தான் நேரம் எடுத்தது. நான் வரிசைக் கம்பத்தைப் பிடித்து முதலில் எழும்பினேன். மூட்டைத் தேய்த்துக்கொள்ள நேரமில்லை. ஒவ்வொருவரிடமும் போய், எங்கேயாவது நோகிறதா, கை கால் அசைகிறதா என்று பார்த்தேன். ஒருவருக்கும் ஒன்றுமில்லை. பிறகு கதிரையைத் தலைமாட்டில் வைத்து, ஒவ்வொருவருக்கும் அதே பாடம். பக்கவாட்டாகத் திரும்புங்கோ. முழங்கையிலை எழும்புங்கோ. இப்ப நாலு காலிலை வாங்கோ. ரெண்டு கையும் கதிரையிலை. நல்ல காலை முன்னுக்கு வையுங்கோ. மூச்சை விடுங்கோ. கதிரையை அமத்தி எழும்புங்கோ. அப்படியே திரும்பி அதிலையே இருங்கோ. இழுக்கிறதுமில்லை, தூக்கிறதுமில்லை. இருந்தவர்களுக்குப் பழனிசாமி தண்ணீர் கொடுத்தார். அவர்கள் வைன் இல்லையா என்று கேட்டார்கள்.

"மற்றவையை முதல் எழுப்பும்," என்றார் தியாகு அண்ணை ஒவ்வொரு முறையும். "நான் இருக்கிறன்."

கடைசியில் அவர் மட்டும் மிஞ்சினார். அந்நேரம் பார்த்து என் போன் அடித்தது. வீடியோ அழைப்பு, வித்தியா. பழனிசாமி, நல்ல எண்ணத்தோடுதான், நாங்கள் படுத்திருந்ததைப் படமெடுத்து எல்லாரும் பத்திரம் என்று எழுதி வட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். வித்தியாவும் அந்தக் குழுவில் இருக்கிறாள்.

"அன்ரி, அப்பா விழுந்திட்டாரே?"

"விழேல்லை. படுத்தவர். எல்லாரும் படுத்தவை. நானும் படுத்தனான்."

"எழும்பிட்டாரே?"

பொய் சொல்வது என் வழக்கமில்லை. "இன்னும் இல்லை," என்றேன்.

"அப்ப சோதினை இதுதான் அன்ரி. நாளைக்கு வேண்டாம். எனக்குக் காட்டுங்கோ."

நான் போனைத் திருப்பிப் பிடித்தேன். தியாகு அண்ணை கொடியின் அடியிலிருந்து மகளின் சின்ன முகத்தைப் பார்த்தார். இன்றைக்குச் சனிக்கிழமை, ஒப்பந்தம் ஞாயிறு என்று சொல்ல வாயெடுத்தார். பிறகு சொல்லவில்லை. இங்கே எழும்பாவிட்டால் நாளைக்கு என்ன எழும்பினாலும் அது மகளின் கண்ணில் நிற்காது என்று அவருக்கே விளங்கியிருக்கும்.

முதல் தரம் கதிரை வேண்டாமென்று தள்ளிவிட்டு முழங்காலில் நிமிர்ந்து நேரே எழும்பப் பார்த்தார். அப்படியே பின்னுக்கு இருந்துவிட்டார். கதிரைகளில் இருந்த ஆட்கள் எல்லாரும் அவர் பக்கம் திரும்பியிருந்தார்கள். மார்க்கோவின் கை அவருடைய முழங்கையை நோக்கிப் போனது. நான் அதைத் தட்டிவிட்டேன். ஒரு விரல் பட்டாலும் என் பதில் பிளாட் புஷ்தான்.

இரண்டாம் தரம் கதிரையை இழுத்தார். நாலு காலில் வந்தார், இரண்டு கையும் வைத்தார். கதிரைக் கால் ஒன்று மண்ணில் புதைந்து சரிந்தது. நான் பிடிக்கவில்லை. வீட்டில் யார் பிடிப்பார்கள்?

"அப்பா, காணும்," என்றாள் வித்தியா. "அந்த ஆளைத் தூக்கச் சொல்லுங்கோ அன்ரி."

"பொறு பிள்ளை," என்றார் தியாகு அண்ணை. மூச்சு வாங்கியது. "பத்துப் பேர் எழும்பினதை நான் கீழை கிடந்து பாத்தனான். பாடமாக்கிப் போட்டன்."

கதிரையைக் கையால் தட்டித் தட்டிக் கொஞ்சம் இறுகிய இடத்துக்குத் தள்ளினார். மண்ணை அமர்த்திப் பார்த்தார். பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொண்டார், நான் சொன்ன அதே குரலில்: "நல்ல காலை முன்னுக்கு வையுங்கோ." வலக்காலை வைத்தார். அது நல்ல கால் இல்லை. எடுத்துவிட்டு இடக்காலை வைத்தார். "மூச்சை விடுங்கோ." விட்டார். கதிரையை அமர்த்தினார். எழும்பினார்.

எழும்பியவர் உடனே இருக்கவில்லை. நின்றார். மடியில் ஒட்டிய புல்லைத் தட்டினார். பழனிசாமியிடம் கையை நீட்டினார். பழனிசாமி கிளாஸைக் கொடுத்தார். தியாகு அண்ணை அதை உயரத் தூக்கி, தலையை அண்ணாக்கப் போனார்.

"தலையை அண்ணாக்காதேங்கோ," என்றேன். "தலை சுத்தும். இருந்து குடியுங்கோ."

இருந்தார். முதல் தடவையாகக் கிளாஸில் வாய் வைத்துக் குடித்தார். பழனிசாமி தனக்கென்று வேறு கிளாஸ் வாங்கப் போனார்.

வித்தியாவுக்கு நான் என் முடிவைச் சொன்னேன். கதிரை இருந்தால் எழும்புவார். கதிரை இல்லாவிட்டால் எழும்பமாட்டார். இதற்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"விழுற இடத்திலை கதிரை இருக்குமே அன்ரி?"

"விழுற இடமெல்லாம் வைப்பம்," என்றேன்.

மறுநாள் காலை பழனிசாமி தன் கராஜில் விசேஷங்களுக்கென்று அடுக்கி வைத்திருந்த மரக் கதிரைகளைக் கொண்டுவந்தார். பிளாஸ்டிக் கூடாது என்று முதலிலேயே சொல்லியிருந்தேன். வித்தியா பிளாட் புஷ்ஷிலிருந்து புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். நாங்கள் மூவரும் வீட்டைச் சுற்றினோம். குளியலறை வாசலில் ஒன்று, கட்டிலடியில் ஒன்று, குசினியில் ஒன்று, கடிதப் பெட்டியடியில் ஒன்று. எல்லாம் சுவரோடு முதுகை முட்டக் கொடுத்து, சறுக்காமல் காலுக்கு ரப்பர் வைத்து. பந்தலின் கீழே மண்ணுக்குள் புதையாமல் ஒரு பலகை போட்டு, அதன் மேல் ஒன்று. கலியாண வீடு முடிந்த அடுத்த நாள் மாதிரி இருந்தது.

பிறகு பந்தலின் கீழே படுக்கச் சொன்னேன். ராகுகாலம் என்று ஒரு சொல் வரவில்லை. படுத்தார், திரும்பினார், முழங்கையில் வந்தார், எழும்பினார். வித்தியா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தாள். இன்னொரு தரம் என்றாள். இன்னொரு தரமும் எழும்பினார். தினமும் ஒரு தரம் பழக வேண்டும் என்றேன், அதற்கும் தலையாட்டினார்.

வித்தியா உள்ளே போய், முருகன் கலண்டர் ஆணியிலிருந்து பொத்தான் மாலையை எடுத்து வந்து அவர் கழுத்தில் போட்டாள்.

"இந்த வயசிலை எனக்குத் தாலி கட்டுறாய் பிள்ளை."

"கழட்டினா பிளாட் புஷ்."

வெள்ளைப் பிளாஸ்டிக் கதிரையை நான் காரில் ஏற்றிக்கொண்டேன். அதில் இனி யாரும் ஏறி நிற்க வேண்டாம். நெடிய ஆள் பழனிசாமி எட்டி வலையை இழுக்க, வித்தியா கிளிப்பைக் குத்த, மிச்சப் பாதி மூடப்பட்டது. தியாகு அண்ணை மரக் கதிரையில் இருந்தபடி, அங்கை ஒண்டு, இஞ்சை ஒண்டு, அது பிந்தின மடிப்பு என்று வேலை நடத்தினார். முடிந்ததும் ஒரு குலையை வெட்டி எங்கள் எல்லாருக்கும் பங்கிட்டார்.

பழனிசாமி வாயில் போட்டுவிட்டு வேலியைப் பார்த்தார். வித்தியா கண்ணை மூடிக்கொண்டாள்.

"புளிக்குது," என்றேன்.

"குளிர் பிரதேசம்," என்றார் தியாகு அண்ணை.